டெல்மிராவின் அரைநாள் பை

டெல்மிரா யும்பாத்தோ தைத்த பைகள் ஒரு காலத்தில் காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருந்த சாந்தா எமேரிதாவில் பதினாலு வீடுகளில் ஆணியில் தொங்கின. ஊரில் இருந்ததே இருபத்தோரு வீடுதான். கோதுமை மாவு வரும் வெள்ளைச் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, இரட்டைத் தையல் போட்டு, தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளப் பட்டை வைத்துத் தைப்பாள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அளவுதான் பை. அதற்கு மேல் பெரிதாக்கினால் ஆம்பளைகள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கஸ்தாஞா கொட்டை பொறுக்கும் மழைக்காலத்தில் மாதக்கணக்காகக் காட்டுக்குள் கூடாரம் போடுகிறவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. அவர்கள் பானை, கொசுவலை, அரிசி என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு நாலைந்து பேராகப் போகிறவர்கள். அவள் பயந்ததெல்லாம் அரைநாளைக்குப் போகிறவர்களுக்காகத்தான். ஓலை வெட்ட, பழம் பறிக்க, ஒரு பன்றித் தடம் எங்கே போகிறது என்று பார்க்க, வெட்டுக்கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறவர்கள். அந்த ஆற்றங்கரையில் தொலைந்துபோனவர்களின் பெயர்களை அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறாள். அத்தனை பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவர்கள்.

கல்யாணமான முதல் வருஷமே அவள் புருஷன் வில்டர் ரக்குவா அப்படித் தொலைந்தான். காட்டுப்பன்றிக் கூட்டத்தின் பின்னால் போனவன் மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் வந்து சேர்ந்தான். கொசு கடித்து முகம் வீங்கி, கண் இடுங்கிப்போயிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பன்னி எங்கடா?" என்று கேட்டான் ஒருவன்.

"அதுக்கு வழி தெரியும். வீட்டுக்குப் போயிடுச்சு."

வாசலில் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். வில்டரின் தம்பி அபெலினோ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். டெல்மிராவுக்கு அப்போது ஆறு மாசம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவனோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு மாவுச் சாக்கைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு மனுஷன் காலொடிந்து, ரெண்டு ராத்திரி ஒரே இடத்தில் கிடக்க வேண்டி வந்தால் என்னென்ன வேண்டும்? இதை மட்டும்தான் அவள் யோசித்தாள். வில்டரிடம் கேட்கவில்லை; அவன் எதையும் சிரிப்பாக ஆக்கிவிடுவான். நாலாக மடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதைக் கட்டக் கொஞ்சம் நைலான் கயிறு, பாதி மெழுகுவர்த்தி, ஒரு சின்னக் கத்தி, காயத்தைச் சுற்றப் பழந்துணி, ஒரு விசில், ஒரு குப்பியில் உப்புப் போட்டு வறுத்த மரவள்ளி மாவு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே கையால் எடுக்க வாகாக, லைட்டர். சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றுக்குள் அதைச் செருகி முனைகளை மடித்து வைப்பாள். ஈரம் அண்டாது. அதோடு, அந்த ட்யூபை நறுக்கிப் பற்றவைத்தால் கொட்டுகிற மழையிலும் எரியும்.

வில்டர் பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"என்னடி இது, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறியா?"

"சிரிக்காதய்யா. தோள்ல மாட்டு."

மாட்டிக்கொண்டு முற்றத்தில் ரெண்டு சுற்று நடந்தான். "முதுகுல இடிச்சுக்கிட்டே வருது. இறக்கி வைக்கவும் முடியாது. இதுக்கு மாமியார்னு பேர் வச்சுடலாம்."

அன்றிலிருந்து அதற்கு மாமியார் என்றே பெயர் நிலைத்தது. டெல்மிராவின் அம்மா கீழாற்றில் இருந்தாள். அவள் காதுக்கு இது எட்டியபோது, "ஏன், அந்தப் பை அவனுக்குச் சோறா ஆக்கிப் போடுது?" என்று கேட்டாளாம். ஆனால் வில்டர் அதற்குப் பிறகு பை இல்லாமல் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. கேலி செய்துகொண்டேதான் ஆணியிலிருந்து எடுப்பான். ஒருமுறை காலில் ஆழமாக வெட்டிக்கொண்டபோது அந்தப் பழந்துணி உதவியது. அதைப் பார்த்து அபெலினோ தனக்கொன்று கேட்டான். பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். மாதம் ஒருமுறை பெண்கள் தங்கள் வீட்டுப் பைகளை டெல்மிராவிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் கொட்டி, எறும்பு தட்டி, பூசணம் பிடித்த மாவை மாற்றி, லைட்டரைத் தட்டிப் பார்த்துத் திரும்ப அடுக்கிக் கொடுப்பாள். பேசிக்கொண்டே, பார்க்காமலே, கை அதுவாக அடுக்கும்.

இப்படிப் பதின்மூன்று வருஷம் போயிற்று. ரெண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் யெஸ்மெலிக்குப் பன்னிரண்டு வயது, இளையவள் நொயெமிக்கு ஏழு.

அந்த வருஷம் சான் ஹுவான் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. வீட்டுக் கூரையில் சமையல் மூலை ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓலை முற்றிவிட்டதா என்று பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றான் வில்டர். முந்தின நாளிலிருந்தே நொயெமிக்குக் காய்ச்சல். காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. கஷாயம் வைக்கலாம் என்று டெல்மிரா அடுப்படிக்குப் போனால் அடுப்பு அவிந்து கிடந்தது. தீப்பெட்டி ஈரத்தில் நமத்துப்போயிருந்தது. ஒவ்வொரு குச்சியும் உரசினால் மருந்து பிய்ந்து வந்தது. உள்ளேயிருந்து பிள்ளை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே ஆணியில் பை தொங்கியது. எட்டி, லைட்டரை எடுத்துப் பற்றவைத்தாள். வெறும் ட்யூபைப் பைக்குள் செருகினாள். "அம்மா!" என்று பிள்ளை மறுபடி கூப்பிட, லைட்டரைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவள் நொயெமியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது வில்டர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தான்.

"மாமியார் தயாரா?"

"எல்லாம் இருக்கு. எடுத்துட்டுப் போய்யா."

அவன் குனிந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "வர்றப்போ உனக்குப் பழம் கொண்டு வர்றேன், சரியா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணிவாக்கில் தெற்கே வானம் கறுத்தது. காற்று திசை மாறி அடித்தது. கோழிகள் மரக்கால்களில் நின்ற வீட்டுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன. தெற்கேயிருந்து வரும் தென்குளிர் அந்தப் பக்கத்தில் புதிதல்ல, வருஷத்துக்கு நாலைந்து தடவை வரும். காலையில் வேர்த்துக் கொட்டிய ஆளுக்கு மத்தியானத்தில் பல் கிட்டிப்போகும். ஆனால் அந்த வருஷம் வந்த குளிர் மழையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தது. டெல்மிரா அடுப்பைத் தூண்டிவிடப் போனபோது பாவாடைப் பைக்குள் கை பட்டது.

லைட்டரை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். யெஸ்மெலி பின்னாலேயே நின்றிருந்தாள்.

"அப்பாவோடதாம்மா அது?"

"ம்."

"நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு வரட்டா? ஓடை வரைக்கும் எனக்கு வழி தெரியும்."

டெல்மிரா மழையைப் பார்த்தாள். அபெலினோவைக் கூப்பிடலாம், அவன் வீடு நாலாவது வீடு. ஆனால் அவனும் நனைய வேண்டும், வில்டர் அதற்குள் திரும்பி வந்துகொண்டிருப்பான், பாதி வழியில் பார்த்துக்கொண்டு ரெண்டு பேரும் வந்து அவளைக் கேலி செய்வார்கள். இப்படி ஓடியது அவள் நினைப்பு.

"வேண்டாம். மழையில நீ வேற படுத்துக்காத. இப்ப வந்துடுவார்."

சாயங்காலம் வரை அவன் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அபெலினோ மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். ஓலைக்காட்டில் ஆள் இல்லை. மழை தடத்தையெல்லாம் அழித்துவிட்டிருந்தது. கத்தினால் பத்தடிக்கு அப்பால் குரல் போகவில்லை, அவ்வளவு காற்று. நாய்கள் நடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டன. ரெண்டாம் நாளும் அப்படியே. தேடப் போகிறவர்களுக்கு டெல்மிரா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஊரெல்லாம் தீப்பெட்டி நமத்துக் கிடந்ததால் அடுப்பை அந்த லைட்டரால்தான் பற்றவைத்தாள். ஒவ்வொரு தடவையும் அது முதல் தட்டிலேயே பற்றியது.

நாலாம் நாள் காலையில் வெயில் வந்தது. அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். ரெண்டாவது ஓடையையும் தாண்டி, யாரும் நினைக்காத பக்கத்தில் இருந்தான். பழம் தேடிப் போயிருப்பான் என்று ஊர் பேசிக்கொண்டது.

உடலைக் கொண்டுவந்து கிடத்திய பிறகு அபெலினோ அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். அவன் கை வெளிறிச் சுருங்கியிருந்தது. டெல்மிரா கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"ஓடைக்கரையில விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டறப்போ கால் பொந்துல போயிருக்கு அண்ணி. முழங்காலுக்குக் கீழ ஒடிஞ்சு திரும்பியிருக்கு. அங்கேருந்து நகர்ந்து நகர்ந்து ஒரு பெரிய வேர்ப் பக்கம் வந்திருக்கான். விரிப்பை ஒழுங்கா கட்டியிருக்கான். விசில் வாய்க்குப் பக்கத்துலயே கிடந்துச்சு. நாங்க கேக்கல, அண்ணி. ரெண்டாம் நாள் நாங்க கிட்டத்துலதான் போயிருக்கோம். கேக்கல."

அவன் அடுப்புப் பக்கம் கையை நீட்டிக் காய்ச்சிக்கொண்டான்.

"முன்னால சுள்ளி அடுக்கி வச்சிருக்கான். சிராய் செதுக்கி, தொப்பியைப் போட்டு மூடி வச்சிருக்கான், நனையாம. ட்யூபைச் சின்னச் சின்னதா நறுக்கி வச்சிருக்கான். மெழுகுவர்த்தியை மண்ணுல நட்டு வச்சிருக்கான். எல்லாம் நீ சொல்லிக் குடுத்த மாதிரியே. நெருப்பு மட்டும் இல்ல."

"பை?" என்றாள் டெல்மிரா.

"பையோட அடித்தையலைக் கத்தியால பிரிச்சிருக்கான். உள்ள எங்கயாச்சும் நழுவிக்கிச்சோன்னு பாத்திருப்பான் போல. பேன்ட் பாக்கெட்டு ரெண்டும் வெளிய இழுத்து விட்டிருக்கு. லைட்டர் ஓடையில விழுந்திருக்கும் அண்ணி. கீழ விழுந்தப்போ தெறிச்சிருக்கும்."

வாசலில் தண்ணீர்க் குடத்தோடு யெஸ்மெலி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யெஸ்மெலி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டெல்மிரா ஆற்றங்கரைக்குப் போய் லைட்டரை நடு ஆற்றில் எறிந்தாள். திரும்பினால் மேட்டில் யெஸ்மெலி நின்றிருந்தாள். அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஊருக்கு டெல்மிராமேல் மரியாதை கூடியது. "அவ வச்சதுல ஒண்ணும் குறையலயே. விரிப்பு இருந்துச்சு, கயிறு இருந்துச்சு. விதி, நெருப்பைத் தொலைச்சுட்டான்" என்றார்கள். அதுவரை பை வாங்காத ஏழு வீட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள். தைக்க மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தைத்தாள். ஒவ்வொரு பையிலும் ரெண்டு லைட்டர் வைத்தாள், ஒன்று மேலே, ஒன்று அடியில். அடுக்கி முடித்த பிறகு மறுபடி கொட்டி எண்ணுவாள். மறுபடி அடுக்கி, மறுபடி கொட்டுவாள். முன்பு கால் மணியில் முடிந்த வேலை இப்போது காலைப்பொழுதையே தின்றது. சோகத்தில் இப்படி ஆகிவிட்டாள் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

நாளாக ஆக வில்டரைப் பற்றிய பேச்சு மாறியது. முதலில் நெருப்பைத் தொலைத்துவிட்டான் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து, சுருட்டுப் பிடிக்க லைட்டரை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டான் என்றார்கள். அதற்கும் அடுத்த வருஷம், அன்றைக்குக் குடித்திருந்தான் என்று ஒருவன் சேர்த்துக்கொண்டான். வில்டர் சுருட்டை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் எதையாவது மறந்துவிட்டு வந்தால், "வில்டர் மாதிரி இருக்காத" என்று அதட்டுவது ஊரில் வழக்கமாகிவிட்டது. டெல்மிரா காதுபடவே ஒருமுறை சொன்னார்கள். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டெல்மிரா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் வருஷம் எலியசார் என்று ஒரு புது வாத்தியார் வந்தார். மலைநாட்டுக்காரர். காட்டைக் கண்டால் பயம், ஆனால் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். காட்டுக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு நாள் பாடம் நடத்தினார். ஆளுக்கொரு பொருளாகச் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதினார். எதையாவது விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "வில்டர் ரக்குவா மாதிரி செத்துப்போயிடுவோம் சார்" என்றான். ஊருக்கு வந்து ரெண்டே வாரம் ஆன வாத்தியார் அந்தப் பெயரையும் பலகையில் எழுதினார். பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

நொயெமி வீட்டுக்கு வந்தபோது சட்டைக் காலர் கிழிந்திருந்தது. நகத்தில் இன்னொரு பிள்ளையின் ரத்தம் இருந்தது.

"எங்கப்பா முட்டாளாம்மா?" என்று கேட்டாள்.

டெல்மிரா அவளைக் கழுவி, சட்டையை மாற்றி, சோறு போட்டாள். பிள்ளை சாப்பிடவில்லை. "சொல்லும்மா. அவருக்கு அறிவில்லையா? ஒரு லைட்டரை வச்சுக்கத் தெரியாதா?"

மறுநாள் காலையில் மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு டெல்மிரா பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். பலகையை யாரும் அழித்திருக்கவில்லை. வாத்தியார் முகம் செத்துப்போய் எழுந்தார். நேற்றே யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணோட அப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது. மன்னிச்சுக்கங்க."

"நான் சண்டைக்கு வரல சார். பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொல்லணும்."

அவர் ஒதுங்கி நின்றார். முப்பது பிள்ளைகள் அவளைப் பார்த்தன. அத்தனை பேரின் அப்பன்மார் தோளிலும் அவள் தைத்த பை தொங்குகிறது.

"வில்டர் ரக்குவா லைட்டரைத் தொலைக்கல" என்றாள். "சுருட்டுப் பிடிக்கல. குடிக்கல. அவர் பையில லைட்டரே இல்ல. நான்தான் அன்னிக்குக் காலையில எடுத்தேன். அடுப்புப் பத்த வைக்க. திரும்ப வைக்க மறந்துட்டேன். எல்லாம் இருக்கான்னு அவர் கேட்டார். எல்லாம் இருக்கு, போய்யான்னு நான்தான் சொன்னேன்."

நொயெமி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டெல்மிரா அவள் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"எதுக்கு அடுப்பு?" என்று கேட்டான் பின்வரிசைப் பையன். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"காபி போட" என்றாள்.

வாத்தியார் துடைக்கும் துணியை எடுத்துப் பலகையை அழித்தார்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு காபிக்காக என்று பேசிக்கொண்டார்கள். நாலு வீட்டுக்காரர்கள் பையைக் கொண்டுவந்து அவள் வீட்டு வேலியில் மாட்டிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள், ஆனால் சரிபார்க்க யாரும் அவளிடம் அனுப்பவில்லை.

மத்தியானம் அபெலினோ வந்தான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. வாசல்படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நிசமா அண்ணி?"

"நிசம்."

"நான் மூணு வருஷமா அந்த ஓடையில தேடிக்கிட்டிருக்கேன். தெரியுமா? அந்தப் பக்கம் போற ஒவ்வொரு தடவையும் இறங்கி, மண்ணைக் கிளறிப் பாக்கறேன். கிடைச்சா, தெறிச்சு விழுந்ததுதான்னு ஊரு வாயை அடைக்கலாம்னு. என் கால்ல சேத்துப்புண்ணு வந்ததே அதனாலதான்." அவன் குரல் உயரவில்லை. "என் கண்ணு முன்னால தையல் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே அண்ணி. நாலு நாள் எங்களுக்குக் கஞ்சி ஊத்துனியே. அது எந்த நெருப்புல காய்ச்சுன கஞ்சி?"

டெல்மிரா அடுப்பைப் பார்த்தாள்.

"அன்னிக்கு வானம் கறுத்தப்பவே என்னைக் கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பேனே. நாலு வீடு தள்ளித்தானே இருந்தேன்."

"நீ நனைஞ்சுடுவேன்னு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அதைச் சொல்லவே வாய் கூசியது.

அபெலினோ தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நொயெமி அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். டெல்மிரா போய்க் கூப்பிட்டதற்கு உள்ளேயிருந்தே, "வர மாட்டேன்" என்றாள். அபெலினோவின் பெண்டாட்டி ரொசெந்தா வெளியே வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "ரெண்டு நாள் இருக்கட்டும் அக்கா" என்றாள். ரெண்டு நாள் ரெண்டு மாசமாயிற்று. பிறகு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. யெஸ்மெலிதான் தங்கையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று திரும்பி வந்து தாய்க்கு எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது பதினஞ்சு வயது.

"காபின்னு ஏம்மா சொன்ன?"

"காபிக்குத்தான் எடுத்தேன்."

"என்கிட்டயேவா? நொயெமிக்குக் கஷாயம் வைக்க எடுத்த. நான் பக்கத்துலதான் இருந்தேன். அதைச் சொல்லியிருந்தா ஒருத்தரும் இப்படிப் பேசியிருக்க மாட்டாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அவசரத்துல மறந்தா, எந்த அம்மாவும் மறப்பா. காபிக்காகப் புருஷனைக் கொன்னவள்னு சொல்றாங்கம்மா."

"சொல்லட்டும்."

"நான் அவகிட்ட சொல்லப் போறேன்."

டெல்மிரா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மகளுக்கு வலித்தது. ஆனாலும் விடவில்லை.

"அவ பத்து வயசுப் பிள்ளை. உனக்குக் கஷாயம் வைக்கத்தான் அப்பாவோட நெருப்பை எடுத்தேன்னு அவகிட்ட சொல்லணுமா? இப்ப என்மேல கோவம், சோறு தின்னுட்டுத் தூங்கறா. ரொசெந்தா சொன்னா, நல்லாத் தூங்கறாளாம். அது போதும். நீ வாயைத் திறந்தா எனக்கு நீயும் இல்ல."

யெஸ்மெலி அழுதாள். மூன்று வருஷத்தில் டெல்மிரா அவள் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. மணிக்கட்டை விட்டாள். சிவந்து தடம் விழுந்திருந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் ஓடிப் போறேன்னு சொன்னேனே" என்றாள் யெஸ்மெலி தேம்பிக்கொண்டே. "நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் போயிருக்கணும்."

டெல்மிராவுக்கு அப்போதுதான் விளங்கியது, இந்தப் பிள்ளை மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது எதனால் என்று. தாயைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மட்டுமல்ல. இளையவளைக் காப்பாற்ற நினைத்தவள், பக்கத்திலேயே படுத்துத் தூங்காமல் கிடந்த மூத்தவளைப் பார்க்கவில்லை. அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "நான்தான் வேண்டாம்னேன், நான்தான் வேண்டாம்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பை தைக்கும் வேலை நின்றபின் டெல்மிரா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கஸ்தாஞா உடைக்கிற கொட்டகையில் சேர்ந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கைப்பொறியில் வைத்துக் கொட்டையின் ஓடு உடைக்க வேண்டும். பருப்பு உடையாமல் எடுப்பதில் அவள் கை சீக்கிரம் பழகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வேற்றூர்ப் பெண்கள், அவளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி மட்டும் இடம் மாறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள்.

நொயெமி பன்னிரண்டு வயதில் தொடக்கப் பள்ளியை முடித்தாள். மேலே படிக்க மால்தொனாதோ நகரத்தில் விடுதியோடு கூடிய பள்ளியில் இடம் கிடைத்தது. சேர்க்கும் நாளன்று டெல்மிராவும் வர வேண்டும் என்று அபெலினோ ஆள் அனுப்பியிருந்தான். படகில் மூன்று பேரும் போனார்கள். நொயெமி முன்னால் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வில்டரின் கழுத்தும் தோளும் அவளுக்கு அப்படியே வந்திருந்தன.

அலுவலகத்தில் இருந்த பெண் தாளை நீட்டி, "யார் கையெழுத்துப் போடறது?" என்றாள்.

"சித்தப்பா" என்றாள் நொயெமி.

அபெலினோ பேனாவை எடுக்கவில்லை. "அம்மா நிக்கறப்போ நான் எதுக்குப் போடணும்?" என்று தாளை டெல்மிரா பக்கம் தள்ளினான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் தள்ளினான். டெல்மிரா எழுத்துக் கூட்டி மெதுவாகத் தன் பெயரை எழுதினாள்.

வெளியே வந்ததும் நொயெமி நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை பாக்க வரலாம்னு சொன்னாங்க. நீ வர வேண்டாம். யெஸ்மெலி வந்தா போதும்."

"சரி" என்றாள் டெல்மிரா.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி அறைவரை போனாள். நொயெமிக்குக் கொடுத்திருந்த கட்டில் சன்னலோரம் இருந்தது. மெத்தையைத் தட்டி, படுக்கைவிரிப்பை விரித்து, நாலு ஓரத்தையும் அடியில் செருகினாள். கொசுவலையைக் கட்டி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நொயெமி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படகுத்துறைக்கு நடக்கும்போது அபெலினோ நாலடி முன்னால் போனான். சாயங்காலத்துக்குள் மழை பிடித்துக்கொள்ளுமா என்று ஒருமுறை திரும்பிக் கேட்டான். டெல்மிரா வானத்தைப் பார்த்துவிட்டு, வராது என்றாள்.